கிட்டார்க் கிழவர்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

பிக்காசோவின் ‘முதிய கிட்டார்க் கலைஞர்’ ஓவியம் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். படம் ஏறக்குறைய முழுதும் நீலமாக இருப்பதால் முதல் வரியிலேயே ‘நீலம் சோகத்தின் குறியீடு’ என்று முடித்துவிட்டாய். அது ஆங்கிலப் பேச்சுவழக்கு. பிக்காசோவின் தாய்மொழியான ஸ்பானியத்தில் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. நமக்கோ நீலம் கண்ணன் நிறம். 1901இல் நண்பர் காசாகெமாஸ் தற்கொலை செய்துகொண்ட பின் பிக்காசோ நீல நிறத்திலேயே படங்கள் வரையத் தொடங்கினார் என்பது உண்மைதான். ஆனால் அது வாழ்க்கைக் குறிப்பு. படத்தில் சோகம் எங்கே இருக்கிறது என்பதற்கு அது பதிலாகாது.

ஒன்று செய்து பார். கைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்று. நீலம் போய்விடும், துயரம் போகாது. ஏனென்றால் அது உடம்பின் கோணத்தில் இருக்கிறது. கிழவர் சம்மணமிட்டுக் குறுகி உட்கார்ந்திருக்கிறார், கழுத்து மடங்கித் தொங்குகிறது. நிமிர்ந்தால் தலை சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஸ்பெயினில் வரைந்த பழைய ஓவியர் எல் கிரேக்கோவின் புனிதர்களைப் போல நீண்டு மெலிந்த கைகால்கள். பலகையின் உயரம் ஏறக்குறைய 123 செ.மீ., அகலம் 83 செ.மீ.; அவ்வளவு இடத்திலும் அவருக்கு மூச்சுவிட இடமில்லை.

இப்போது வண்ணத்துக்குத் திரும்பி, கிட்டாரைக் கட்டைவிரலால் மறை. தோல், கந்தல் துணி, பின்சுவர் எல்லாம் ஒரே குளிரில் கரைந்துவிடும். விரலை எடுத்தால் அந்தப் பழுப்பு மட்டும் சூடாகத் தெரியும். நீ அதை ‘நம்பிக்கை’ என்கிறாய். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. அவருடைய உடம்பைவிட வாத்தியத்தில்தான் உயிர் அதிகம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கிழவரின் கழுத்துக்கு மேலே மங்கலாகத் தெரியும் பெண் முகத்தை ‘இறந்த மனைவியின் நினைவு’ என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. அது பழைய படம். பிக்காசோ கையில் காசில்லாத காலம். வரைந்த பலகை மேலேயே மறுபடி வரைந்தார். அடியில் ஒரு பெண்ணும் குழந்தையும் இருப்பதை எக்ஸ்ரேயும் அகச்சிவப்புக் கதிர்ப் படமும் காட்டின. மேல்பூச்சு வழியே கசிவதைக் குறியீடாக்கினால் விமர்சனம் ஜோசியமாகிவிடும்.

மூடிய கண் வேறு விஷயம், அது பிக்காசோ வேண்டுமென்றே வைத்தது. பார்வையற்றவருக்கு அகப்பார்வை உண்டு என்ற பழைய ஐரோப்பிய மரபு அதன் பின்னால் இருக்கிறது. அதற்கு நீ ஒரு வரிகூடத் தரவில்லை. திருத்தி எழுதும்போது அங்கிருந்தே தொடங்கு, பிறகு விரல்களுக்கு வா.

அன்புடன்,
அண்ணன்