கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு ஒரு பஸ் பயணியின் திறந்த மடல்

வளர்ச்சி வங்கிகளின் தலைவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் திட்ட அறிக்கைகளை நாங்கள் இத்தனை காலம் உங்கள் மொழியில்தான் எழுத்துக்கூட்டிப் படித்துவருகிறோம். ஒருமுறை நீங்கள் மொழிபெயர்க்க ஆள் வைத்துப் படித்தால் குறைந்துவிடாது.

2012 ஜூன் மாதம் ரியோ டி ஜனீரோ மாநாட்டில் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி உட்பட எட்டு வங்கிகள் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். வளரும் நாடுகளில் சூழலைக் கெடுக்காத போக்குவரத்துக்குப் பத்தாண்டுகளில் 17,500 கோடி டாலர் தருவோம் என்பது அந்த வாக்கு. கெடு 2022-இல் முடிந்தது. நடுவில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கியும் பிறந்து வந்து சேர்ந்துகொண்டன. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவும் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கியும் முன்பிருந்தே களத்தில் இருக்கிறார்கள். இந்த வரிசையில் ஆறு பேருடைய பணம் ஒரே ஊரின் போக்குவரத்தில் போடப்பட்டிருக்கிறது. அந்த ஊர் சென்னை. அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2015 ஜூனில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் மெட்ரோ ஓடியபோது வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். இன்று அது எங்களுக்கு வேடிக்கைப் பொருள் இல்லை. வெயிலில் வெந்து, வியர்த்து, வேலைக்குப் போய்ச் சேர்ந்த காலத்தை மறக்கவைத்திருக்கிறது. மெட்ரோவுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். ஒப்புதல் பெற்ற செலவு 63,246 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். ஒரு மின்சாரப் பேருந்துக்கு ஒன்றரைக் கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலையில் 350 பேருந்துகள் வாங்கலாம். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பதே மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகள்தான். அந்த மூவாயிரத்துச் சொச்சம்தான் நாளுக்கு முப்பது லட்சம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது. மெட்ரோவில் போகிறவர்கள் சுமார் மூன்று லட்சம்.

இதை வைத்துப் பேருந்துக்கும் ரயிலுக்கும் சண்டை மூட்டிவிடப் பார்க்கவில்லை. சுரங்கம் நூறு வருடம் நிற்கும், பஸ் பன்னிரண்டு வருடத்தில் காயலான் கடைக்குப் போகும் என்பதும் தெரியும். பத்தில் ஒரு பங்கு ஆட்களுக்கான வேலைக்கு நான்கு நிதி நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன; மீதி ஒன்பது பங்கு ஆட்களின் பஸ் மட்டும் ஏன் எப்போதும் தேடப்படாத பிள்ளையாகவே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பதிலும் எனக்கு ஓரளவு தெரியும். ஐயாயிரம் கோடிக் கடனுக்கும் ஐம்பது கோடிக் கடனுக்கும் உங்கள் அலுவலகத்தில் கோப்பு ஒரே தடிமன். அதே ஆய்வுக் குழு, அதே சுற்றுச்சூழல் அறிக்கை, அதே கையெழுத்துகள். அப்படியிருக்கப் பெரியதைத்தான் யாரும் விரும்புவார்கள். மெட்ரோ என்றால் ஒரே நிறுவனம், சில பெரிய டெண்டர்கள், ஒரு திறப்பு விழா. நடைபாதை என்றால் இருநூறு தெரு, நாற்பது ஒப்பந்தக்காரர்கள், மின்வாரியம், குடிநீர் வாரியம், தொலைபேசிக் கம்பிகள், டீக்கடை, கோயில், கட்சிக் கொடிக்கம்பம்.

அந்த நடைபாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் 700 மீட்டர். அம்மாவுக்கு முழங்கால் வலி. நிலையத்துக்குள் போய்விட்டால் லிஃப்ட் இருக்கிறது, எஸ்கலேட்டர் இருக்கிறது, குளுகுளுவென்று உட்கார இடம் இருக்கிறது. "உள்ளே போயிட்டா ராஜபோகம்தான், போய்ச் சேர்றதுதான் பாடு" என்பார். அந்த 700 மீட்டரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு குப்பைத்தொட்டி, வரிசையாக பைக்குகள், மூடியில்லாத ஒரு மழைநீர் வடிகால். நடைபாதை இருக்கிற இடத்திலும் அது முக்கால் முழ உயரம். ஏற ஒரு கை பிடிக்க வேண்டும், இறங்க இரண்டு கை. அதனால் இருபது ரூபாய் மெட்ரோ டிக்கெட்டுக்காக அறுபது ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். பல நாள் போவதே இல்லை.

சென்னையின் பயணங்களில் கால்வாசிக்கும் மேல் வெறும் நடைதான் என்று 2008-இலேயே போக்குவரத்து ஆய்வு கண்டது. 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையே கொண்டுவந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. இந்தியாவில் அப்போது வேறெந்த நகரமும் செய்யாதது. 2019 நவம்பரில் திறந்த தி.நகர் பாண்டி பஜார் நடைவளாகம் அந்த எண்ணத்தின் ஓர் அழகான துண்டு. சாயங்காலம் போய்ப் பாருங்கள், பலூன்காரர் முதல் பாட்டிமார் வரை ஊரே உலாவிக்கொண்டிருக்கும். ஒரு துண்டு மட்டும்தான் அப்படி. மற்ற தெருக்களுக்குக் கொள்கை காகிதத்தில் இருக்கிறது.

கே.எஃப்.டபிள்யூ கடனுதவியில் தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின. மாற்றுத்திறனாளி உரிமைக்காரர்கள் பல வருடம் நீதிமன்றப் படியேறி வாங்கியவை அவை. சக்கர நாற்காலியை அப்படியே பஸ்ஸுக்குள் ஏற்றலாம். ஆனால் சக்கர நாற்காலி வீட்டிலிருந்து நிறுத்தம் வரை எப்படி வரும்? பஸ்ஸுக்குக் கடன் தருகிறபோதே நிறுத்தத்தைச் சுற்றி 500 மீட்டர் நடைபாதைக்கும் அதே கடனில் ஒரு பங்கு வைத்தால் என்ன? இதுதான் என் முதல் கோரிக்கை. மெட்ரோவுக்கும் அதே நிபந்தனை போடுங்கள். நிபந்தனை போடுவதில் உங்களுக்குப் பழக்கம் உண்டுதானே.

சரி, பெரிய கட்டுமானத்திலேயே கூட, கரி, அதாவது கார்பன் வெளியேற்றம், குறைந்தால் ஊருக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியவில்லை. எங்கள் பறக்கும் ரயில் 1997-இல் மயிலாப்பூர் வரையும் 2007-இல் வேளச்சேரி வரையும் வந்தது. மின்சாரத்தில் ஓடும் ரயில், புகையில்லை. ஆனால் நிலம் எடுக்கும் தொல்லை வேண்டாமென்று பக்கிங்ஹாம் கால்வாயின் படுகையிலேயே தூண்களை நட்டுவிட்டார்கள். கால்வாய் சுருங்கியது. 2015 டிசம்பரில் ஊர் மிதந்தபோது தண்ணீர் போக வழி தேடிய இடங்களில் அதுவும் ஒன்று. இது எங்கள் ஊரின் தனித்திறமை என்று நினைத்திருந்தேன். அப்புறம் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரைப் பற்றிப் படித்தேன். உலக வங்கிக் கடனில் 2016-இல் ஓடத் தொடங்கிய அதிவேகப் பேருந்துத் திட்டம், ஆப்பிரிக்காவுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. அதன் டெப்போவை ஜங்வானியில், ம்சிம்பாசி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் கட்டினார்கள். பெருமழை வந்தபோது பேருந்துகள் தண்ணீரில் நின்றன. காலநிலைக்காகப் போட்ட பணம் காலநிலையிலேயே மூழ்கிப் போகிறது. கரியைக் கணக்கிடும் உங்கள் படிவத்தில் நீர் எந்த வழியாகப் போகும் என்று ஒரு கேள்வியும் இருக்கட்டும். அதை உள்ளூர் மீனவரிடமும் ஏரிப் பாசனக்காரரிடமும் கேட்டு நிரப்புங்கள்.

மின்சாரம் என்றால் சுத்தம் என்பதிலும் ஒரு சின்ன இடறல் உண்டு. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. உலக வங்கி ஆதரவுடன் மொத்தம் 625 வர வேண்டிய திட்டம். ஏறிப் பார்த்தேன், சத்தமில்லாமல் போகிறது, கண்டக்டர் விசிலை மெதுவாக ஊதினாலே போதும். ஆனால் இரவில் அதற்குச் சார்ஜ் ஏற்றும் மின்சாரத்தில் எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களின் பங்கும் இருக்கிறது. அங்கே கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கும் சாம்பல் யாருடைய கணக்கு? முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகிற மாநிலம் இது. டெப்போவையும் காற்றையும் ஒரே கடனில் கட்டிப்போட வழியிருக்கும்.

(இன்னொரு விஷயம், பெருமைக்காகச் சொல்லவில்லை: 1895-லேயே இந்த ஊரில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் முதலாவது. நட்டம் தாங்காமல் 1953-இல் நிறுத்திவிட்டார்கள். கரி குறைந்த போக்குவரத்தை எங்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வருகிறவர்கள் இதையும் தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது.)

அந்த நட்டம் என்ற சொல்லுக்குத்தான் வரவேண்டும். நீங்கள் பஸ் வாங்கக் கடன் தருவீர்கள், ஓட்டுகிற செலவுக்குத் தரமாட்டீர்கள். தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அப்போது டீசல் லிட்டர் 65 ரூபாய் வாக்கில் இருந்தது. பிறகு 90-ஐத் தாண்டிவிட்டது. குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் ஐந்து ரூபாய். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. உங்கள் நிபுணர்கள் இதைப் பார்த்ததும் 'மானியம்' என்று சிவப்பு மையில் எழுதுவார்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். விடியல் பயணம் என்ற இந்த இலவசப் பயணத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. வீட்டுவேலைக்குப் போகிற ஒருவருக்கு 888 ரூபாய் என்றால் என்னவென்று நீங்கள் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவிலும் பைக்கின் பின்சீட்டிலும் போனவர்கள் பஸ்ஸுக்கு வந்தால் அதுவும் கரிக் குறைப்புதான். மின்சார எஞ்சினுக்குத் தருகிற மதிப்பெண்ணை இதற்கும் ஏன் தரக்கூடாது?

அடுத்தது நாணயம். பயணி டிக்கெட்டுக்கு ரூபாயில் கொடுக்கிறார், கடனை டாலரிலும் யென்னிலும் திருப்ப வேண்டியிருக்கிறது. 2010-இல் ஒரு டாலர் 45 ரூபாய் வாக்கில் இருந்தது, 2025-இல் 85-ஐத் தாண்டியது. வட்டி குறைவு என்று வாங்கிய கடன், நாணயம் சரியச் சரிய முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சென்னைக்காவது பின்னால் ஒரு பெரிய மாநில அரசும் நாடும் நிற்கின்றன. ஜாம்பியாவின் லுசாகாவுக்கும் இலங்கையின் கொழும்புக்கும் யார் நிற்பார்கள்? 2022-இல் இலங்கையில் டாலர் தீர்ந்தபோது பஸ் ஓட டீசல் இல்லாமல் ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றதைப் பார்த்தோமே. நகரப் போக்குவரத்துக் கடனை அந்தந்த நாட்டுப் பணத்திலேயே கொடுங்கள், நாணயச் சரிவின் சுமையில் ஒரு பங்கை நீங்களும் தூக்குங்கள். மூச்சுத்திணறும் அளவுக்கு அது உங்களுக்குப் பாரமில்லை.

வளரும் நாடுகளின் 500 பெரிய நகரங்களில் வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கத் தகுதியுள்ளவை நான்கு விழுக்காடுதான் என்று உலக வங்கியே சொல்லியிருக்கிறது. அப்படியானால் சின்ன ஊர்கள் என்ன செய்வது? இதற்கும் ஒரு விடை எங்கள் பக்கத்திலேயே கிடக்கிறது. 1996-இல் உலக வங்கி துணையோடு தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் அமைந்தது. 2002-இல் பதின்மூன்று சிறிய நகராட்சி, பேரூராட்சிகளைச் சேர்த்துக் கட்டி, குடிநீர், சாக்கடைப் பணிகளுக்காகச் சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கூட்டுக் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். அமெரிக்க உதவி நிறுவனம் பாதித் தொகைக்கு உத்தரவாதம் நின்றது. தனியாகப் போயிருந்தால் அந்த ஊர்களை எந்தச் சந்தையும் உள்ளே விட்டிருக்காது. சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அதையே பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் செய்யுங்கள். சேலம், திருப்பூர், திருநெல்வேலி, தூத்துக்குடி எல்லாம் சேர்ந்து ஒரு கடன். நீங்கள் பணமே தர வேண்டாம், உத்தரவாதம் நின்றால் போதும். ஒரே கோப்பு, தடிமனைப் பற்றிய கவலையும் தீர்ந்தது.

கடைசியாக ஒன்று. சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் வந்தது, முதல் கூட்டம் 2022-இல் நடந்தது. நடுவில் பன்னிரண்டு வருடம், பஸ் தனியாக, ரயில் தனியாக, மெட்ரோ தனியாக. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது பக்கத்தில் தண்டவாளம் இருந்தது, ரயில் நிலையம் இல்லை. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் செயலியே 2025 செப்டம்பரில்தான் வந்தது. இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான் ஆளும் பணமும் வேண்டும். கால அட்டவணை போடுகிறவர், ஜி.பி.எஸ். தரவைப் பார்க்கிறவர், நிறுத்தத்தை இருபது மீட்டர் நகர்த்தலாமா என்று யோசிக்கிறவர். அவர்கள் சம்பளம் உங்கள் கடனில் எந்தத் தலைப்பிலும் வராது. அதற்கொரு தலைப்பு திறந்துவையுங்கள்.

அடுத்த ஆய்வுக் குழு சென்னைக்கு வரும்போது ஒரு நாள் காரை விட்டுவிட்டு, காலை எட்டரை மணிக்குப் பெரம்பூரில் 29சி ஏறிப் பெசன்ட் நகர் வரை வரட்டும். உட்கார இடம் கிடைக்காது. லேப்டாப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சில்லறையாக வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
சென்னையின் முப்பது லட்சத்தில் ஒருவன்