சத்தம் குறைந்த சைலன்சர்: தருமபுரி நண்பனுக்கு ஒரு கடிதம்

கிருஷ்ணகிரி,
ஆனி மாதம், ஞாயிறு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்தது. தோப்பில் பெங்களூரா மாங்காய் இறக்கும் வேலை முடியாததால் உடனே பதில் எழுத முடியவில்லை. காய் விலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தத் தாள் போதாது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

உன் புல்லட்டின் சைலன்சர் அடியில் துரு தின்று ஓட்டை விழுந்துவிட்டதாகவும், மாற்றுவதானால் சத்தம் குறைந்ததாகப் பார்த்து மாற்றும்படி தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். என் 1987-ஆம் ஆண்டு வண்டிக்கு இந்த ஒன்றரை ஆண்டில் இரண்டு சைலன்சர் வாங்கியவன் நான். முதலாவதை வாங்கியது முழுத் தண்டம்.

தம்பி மகன் மூன்று ஆண்டு என் வண்டியை வைத்திருந்தபோது, இளவட்டங்கள் விரும்பும் ‘ஷார்ட் பாட்டில்’ சைலன்சர் ஒன்றை மாட்டியிருந்தான். வண்டி என்னிடம் திரும்பி வந்தபோது அதன் ஓசையைக் கேட்டு எனக்கும் உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய பேட்டையில் எங்கள் தெரு எவ்வளவு குறுகலானது என்பது உனக்குத் தெரியும். இரண்டு பக்கச் சுவர்களுக்கு இடையே அந்த ஓசை மோதி மோதித் திரும்பும். எதிர்வீட்டுப் பெண் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த மாதங்களில், விடியற்காலை ஐந்து மணிக்குத் தோப்புக்குக் கிளம்பும் நான், நூற்று அறுபது கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே நின்றுதான் கிக்கரை உதைப்பேன். அறுபத்து மூன்று வயதில் அது எத்தனை நாளைக்கு முடியும்?

ஆகவே ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். வரிசையாகத் தொங்கியவற்றில் ஒன்றைக் காட்டி, உள்ளே கிளாஸ் வுல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு, அடைத்தது, வீட்டுக்குள் தூங்குகிறவர்கூட எழமாட்டார் என்றார் கடைக்காரர். முதல் மாதம் அவர் சொன்னது ஏறக்குறைய உண்மையாகவே இருந்தது. ஐந்தாவது மாதம் வண்டி பழையபடி அலறத் தொடங்கியது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நடுவே ஓடும் துளைக்குழாயின் முன்பாதி வெறுமையாகக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த பஞ்சு கருத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கட்டிகளாகி, பின்கோடியில் போய் ஒண்டியிருந்தது. துளைகள் பெரியவை, பஞ்சு மட்டமானது, இரண்டுக்கும் நடுவே கம்பிவலையும் இல்லை. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து வெளியே ஊதித் தள்ளிவிட்டது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். நம் வண்டி 346 சிசி கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 25 வெடிப்பு. இது காதுக்கு இரைச்சலாக வருவதைவிட நெஞ்சில் இடிப்பதுபோல வரும் தாழ்ந்த ஓசை. பஞ்சு கீச்சென்ற உயர்ந்த ஓசைகளை நன்றாக விழுங்கும். இந்த இடியை அதனால் விழுங்க முடியாது. இடியை அடக்க வேண்டுமானால் புகை விரிந்து தணிவதற்குப் போதிய இடம் வேண்டும். அந்த இடம் தடுப்புத் தகடுகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஓர் அறையிலிருந்து எதிரொலித்துத் திரும்பும் அலை அடுத்து வரும் அலையோடு மோதித் தளர வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த நீள சைலன்சருக்குள் இருந்த ஏற்பாடு இதுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பாய். ஷார்ட் பாட்டிலின் ஒரு வாயைத் துணியால் அடைத்துவிட்டு, லிட்டர் சொம்பால் அளந்து தண்ணீர் ஊற்றினேன். இரண்டு லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. பரணில் கிடந்த, துருப்பிடித்த பழைய நீள சைலன்சருக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் போனது. வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, மாட்டுக்குக் கழுநீர் கலக்குகிறீர்களா என்று கேட்டாள். இடவசதியில் இருக்கும் இந்த வித்தியாசம் அப்படியே ஓசையில் தெரிகிறது.

ஆகவே நீ கடைக்குப் போகும்போது வெளிப்பளபளப்பைப் பார்க்காதே. ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் கண்ணை வைத்துப் பார். வெளிச்சம் நேராகத் தெரிந்தால் அது நேர்க்குழாய்; அந்தப் பக்கமே போகாதே. வெளிச்சம் தெரியாவிட்டால் ஒரு மெல்லிய குச்சியை உள்ளே விடு. அது எங்கேயாவது முட்டி நிற்க வேண்டும். பிறகு கையில் தூக்கிப் பார். ஒரே நீளமுள்ள இரண்டில் கனமானதை எடு. தகடு தடிமனாக இருந்தால் உடம்பே அதிர்ந்து ஒலிப்பது குறையும். விரல் முட்டியால் தட்டினால் தகர டப்பாவைப்போல ‘டங்’ என்று கேட்பதை அங்கேயே வைத்துவிடு. ‘டிபி கில்லர்’ என்று வாயில் ஒரு திருகாணியால் பொருத்தும் துண்டை விற்பார்கள். அது ஓசையைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நேர்க்குழாயை வாங்கி அதன் வாயைக் குறுக்குவதைவிட, உள்ளே ஒழுங்காகக் கட்டப்பட்டதை வாங்குவதே மேல். என்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து எழுதி எடுத்துக்கொண்டு போ. அளவு பொருந்தாவிட்டாலும் கிளாம்பை இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் கடைக்காரர், ஆகாது.

எனக்கு வேண்டியது இங்கே கிடைக்கவில்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் போய், தடுப்பறைகள் உள்ள பழைய மாதிரி நீள சைலன்சர் ஒன்றை வாங்கி வந்தேன். மாட்டிய மறுநாளே ஒரு சோதனை. உன் ஊரைக் கடந்து தொப்பூர் கணவாயில் இறங்கினேன். உன் வீட்டுக்கு வராமல் போனதற்காகக் கோபித்துக்கொள்ளாதே, அன்று கையெல்லாம் கரி. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதும் விட்டதும் ‘பட், பட்’ என்று பின்னால் வெடித்தது. சைலன்சரைத்தான் முதலில் திட்டினேன். வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை ஓடவிட்டு, பீடிக்கட்டின் மெல்லிய லேபிள் தாளைக் கிழித்து பெண்ட் பைப் என்ஜின் தலையில் செருகும் இடத்தருகே பிடித்தேன், தாள் துடித்தது. அந்த இணைப்பின் இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி பைப்புக்குள்ளேயே வெடித்திருக்கிறது. இணைப்பைச் சரிசெய்த பிறகு அதே கணவாயில் இறங்கியபோது ஒரு வெடிகூட இல்லை. சேலத்துப் பக்கத்திலிருந்து திரும்பி ஏறும்போதும் வண்டி திணறவில்லை.

கார்புரேட்டரையும் மறந்துவிடாதே. ஷார்ட் பாட்டிலுக்காகத் தம்பி மகன் அதில் பெட்ரோலை அளந்து விடும் துளைத்திருகான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியிருந்தான். நீள சைலன்சர் வந்த பிறகும் அதையே விட்டிருந்ததால் பிளக் கரிபிடித்துக் கன்னங்கரேலென்று ஆனது. பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டதும் இளம் செங்கல் நிறத்துக்கு வந்தது. உன்னுடையதில் யாரும் கைவைத்திருக்கமாட்டார்கள். இருந்தாலும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடு. உன் மகனின் ஆர்.எக்ஸ். 100-க்கு இதே யோசனையைச் சொல்லிவிடாதே. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிறு என்ஜினில் ஒரு பாதி. கம்பெனி அளவு மாறினால் இழுவையே போய்விடும்.

உன் சைலன்சர் ஓட்டையானதற்கு மழைநீர் மட்டும் காரணமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சற்றேறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. நீ நாலுரோடு வரை போய்க் காய்கறி வாங்கித் திரும்பும் தூரத்தில் சைலன்சர் சூடேறுவதே இல்லை; ஆவி உள்ளேயே குளிர்ந்து அடியில் தேங்கி, உள்ளிருந்து தின்கிறது. புதியதில் பின்கோடியின் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு சொட்டுத்துளை இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போடச் சொல். வாரத்துக்கு ஒரு நாள் பாலக்கோடு வரையாவது ஓட்டிவிட்டு வா.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் தயாரிப்பு நிலையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2003-இல் வந்தது. நம் வண்டிகள் அதற்கு முன்பே பிறந்தவை என்றாலும் அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் சைலன்சரை மாற்றி இரைச்சல் கூட்டினால் வண்டியின் வயதைக் கேட்கமாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்கு இல்லை. பேரன் தன் கைப்பேசியைப் புகைவாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைச் சாய்வில் பிடித்து இரண்டு சைலன்சர்களையும் அளந்தான். கைப்பேசி சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம்; வித்தியாசத்தை நம்பலாம். பதினொரு டெசிபல் குறைந்திருந்தது. பத்துக் குறைந்தாலே காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்குமாம்.

இப்போது நான் வாசலிலேயே கிக்கரை உதைக்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தை எழுவதில்லை. எழுந்தாலும் பழி என்மேல் விழுவதில்லை. ஆனால் ஒரு வினை வந்து சேர்ந்தது. இத்தனை நாள் அந்த அலறலுக்குள் ஒளிந்திருந்த மற்ற ஓசைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கிவிட்டன. செயின் உறை உரசுகிறது. பின் மட்கார்டில் ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வால்வுகளைப் புஷ்ராடு வழியாகத் தள்ளித் திறக்கும் டேப்பட் ‘டிக் டிக் டிக்’ என்று தையல் இயந்திரம்போல அடிக்கிறது. ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து புஷ்ராடுகளை விரலால் உருட்டிப் பார்த்தேன். அவை தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கத்து ராடு நன்றாகவே ஆடுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டிய மெல்லிய ஸ்பேனர் இரண்டையும் போன தையில் நீதான் வாங்கிக்கொண்டு போனாய். சைலன்சர் வாங்க ஜே.சி. ரோட்டுக்குப் போகும் வழியில் அவற்றை மறக்காமல் கொண்டுவந்து கொடு. நானும் உன்னோடு வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்.