சாகசங்களுக்கு இடைப்பட்ட மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளுக்கான விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதி வருகிறீர்கள். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் போன்ற ஆட்டங்களுக்கும் அதில் இடம் தர வேண்டும். பாளையங்கோட்டையில் ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் இப்படியோர் ஆட்டத்தை நடத்தி வருபவன் என்ற முறையில், என்னைப் போல் ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு சாகசம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள காலத்தை, ‘மூன்று மாதம் கழிந்தது’ என்று ஒரே வரியில் தாண்டிவிடாதீர்கள்.

நானும் முதலில் அப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கதை, பாளையக்காரர் காலத்துச் சாயலில் நாங்களே கற்பித்துக்கொண்ட ஒரு சீமையில் நடக்கிறது. மலைக்குகை ஒன்றிலிருந்து ஐவரும் உயிர்தப்பி ஊர் திரும்பிய அன்று, வழக்கம்போல ‘மூன்று மாதம்’ என்றேன். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணாச்சி, இந்த மூணு மாசமும் எங்க அம்மைக்கு யாரு கஞ்சி காய்ச்சிக் குடுத்தா?” என்று கேட்டார். தம் பாத்திரத்துக்குக் கண் தெரியாத தாய் ஒருத்தி உண்டு என்று அவர் முதல் நாளே எழுதித் தந்திருந்தார், நான்தான் மறந்திருந்தேன். அன்று மாலை முழுவதும் கதை அந்தத் தாயின் வீட்டிலேயே நடந்தது. ஒருவரும் வாளை உருவவில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை.

விதிநூல்கள் இதை அறியாதவை அல்ல. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், ஆட்டம் நடத்துபவர்களுக்காக 1979-இல் எழுதிய வழிகாட்டியிலேயே, காலக்கணக்கைக் கண்டிப்பாகக் குறித்து வைக்க வேண்டும் என்றும், ஆடாத காலத்தில் வெளியே ஒரு நாள் போனால் கதைக்குள்ளும் ஒரு நாள் போக வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, கைத்தொழில், பயிற்சி, காயம் ஆறுதல் என்று இடைக்கால வேலைகளைப் பிரித்து நாட்கணக்கும் காசுக்கணக்கும் வகுத்தது. அதன்படி ஒரு புது மொழி கற்க 250 நாள். ஒரு கொல்லன் தனியாளாக 1,500 பொற்காசு மதிப்புள்ள முழுக்கவசம் அடிக்க, நாளொன்றுக்கு 5 பொற்காசு வேலை என்ற கணக்கில் 300 நாள். அவன் உலைக்களத்தில் நிற்கும் அந்த 300 நாளும் மற்ற நால்வரும் என்ன செய்வார்கள் என்பதற்கு அங்கே விடை கிடைக்காது. 2017-இல் வந்த துணைநூல் மொழிப் பயிற்சியை ஏறத்தாழப் பத்து வாரமாகக் குறைத்தது, இடையில் நேரும் சிக்கல்களையும் சேர்த்தது. நல்ல திருத்தம்தான், ஆயினும் அந்த வாரங்கள் வெயில் காலமா மழைக்காலமா என்பதுகூட அதில் தெரியாது.

எனக்கு வழிகாட்டியது, கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கி 1985-இல் வெளிவந்த பென்டிராகன் என்ற, ஆர்தர் அரசர் காலத்துப் பிரிட்டனில் நடக்கும் ஆட்டம். அதில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சாகசம்தான். குளிர்காலம் வந்ததும் வீரர்கள் வீடு திரும்புவார்கள். விளைச்சல், குதிரைகள், திருமணம், பிள்ளைப்பேறு, மூப்பு அனைத்துக்கும் அப்போது பகடை உருட்டப்படும். அங்கே பிரிட்டனின் குளிர்காலம் செய்யும் வேலையை இங்கே தாமிரபரணியிடம் ஒப்படைத்தேன். ஆனியில் கார் நடவு, புரட்டாசியில் அறுப்பு. ஐப்பசி கார்த்திகையில் பிசான நடவு, மாசி பங்குனியில் அறுப்பு என்று ஆண்டை இரண்டு பூவாக, அதாவது இரண்டு நெல் சாகுபடிப் பருவமாகப் பிரித்து, வயலில் வேலை ஓய்ந்த நாட்களை மட்டும் சாகசத்துக்கு விட்டேன். ஆனி பிறந்து மாசி பிறக்கும் வரை கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ அந்த 250 நாள் வந்துவிடுகிறது. மொழி கற்கிறவர் இரண்டு பூவின் உழைப்பையும் விட்டுக்கொடுத்துத்தான் கற்கிறார் என்பது எல்லோருக்கும் சொல்லாமலே விளங்குகிறது.

ஒவ்வொரு பூவிலும் ஆளுக்கு இரண்டு காரியம். பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற ஆட்டத்திலிருந்து இந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டோம். அங்கே மூன்றாவது காரியம் வேண்டுமானால் காசையோ பெற்ற பேரையோ செலவழிக்க வேண்டும். நாங்கள் ஒன்றைத் தொழிலுக்கும் மற்றொன்றை வீட்டுக்கும் ஒதுக்கிக்கொள்கிறோம். எல்லாவற்றுக்கும் பகடை உருட்டுவதில்லை. கெட்டுப்போனால் யாருக்காவது வலிக்கும் என்ற இடத்தில் மட்டும் உருட்டினால் போதும் என்பது என் அனுபவம்.

சென்ற ஆண்டு நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். எங்களில் ஒருவரின் பாத்திரம், பத்தமடைப் பக்கத்துப் பாய் நெய்யும் பெண். வெட்டிய கோரையைக் கிழித்து உலர்த்தி, ஓடும் நீரில் ஊறப்போட்ட பிறகே நெய்ய முடியும் என்பதை அவர் தம் ஆச்சியிடம் கேட்டறிந்து வந்திருந்தார். ஐப்பசி மழைக்கு ஆறு எப்படி என்று உருட்டினோம். பகடையில் ஒன்று விழுந்தது. வெள்ளத்தில் கோரைக்கட்டு போய்விட்டது. கரையோரமாகத் தேடி நடந்தவள், குறுக்குத்துறைக் கோயிலைப் போல் நீர் சூழ்ந்து நின்ற ஒரு கல்மண்டபத்தில், மேல்தளத்தில் ஒதுங்கியிருந்த வேற்றுப் பாளையத்து ஆட்களைக் கண்டாள். அடுத்த சாகசத்துக்கு நான் தனியாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஆட்டக்காரர்கள் தங்கள் இரண்டு காரியங்களையும் வியாழனுக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். ஞாயிறன்று ஒரு மணி நேரம் போதும். சண்டையை மட்டுமே விரும்புகிறவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும், அவரை வற்புறுத்தக் கூடாது. தமிழ் மாதம் எழுதிய ஒரு நோட்டு மட்டும் கட்டாயம் வேண்டும்.

எங்கள் நோட்டில் இப்போது புரட்டாசி முடியப்போகிறது. கார் அறுப்புக் கூலி எல்லோருக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தாயிற்று. அந்தத் தம்பியிடமிருந்து நேற்று வந்த செய்தியில் இரண்டு காரியத்துக்கும் சேர்த்து ஒன்றுதான் இருந்தது: அம்மையைப் பார்த்துக்கொள்ள அத்தையைக் கேட்டுச் சம்மதிக்க வைப்பது. அத்தையாக நான்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.