பெர்க் இல்லாமல் லாக்பிக் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டை ரெக்வியம் என்ற மாடுடன் (mod - விளையாட்டின் விதிகளை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்) ஆடத் தொடங்குவோருக்காகத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான குறிப்புகளைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இத்தகைய விளையாட்டுகளைப் பொருட்படுத்தி எழுதுவது உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால், விளையாட்டில் பூட்டுகளைத் திறக்க உதவும் கம்பியான லாக்பிக் கிடைக்காமல் திணறுபவர்கள், கன்சோல் எனப்படும் கட்டளைப் பெட்டியில் கட்டளையிட்டு நூற்றுக்கணக்கில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று அதில் கூறப்பட்டிருந்த யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை.

2011ஆம் ஆண்டு பெதஸ்டா வெளியிட்ட மூல விளையாட்டில் லாக்பிக்குக்கு எடை கிடையாது. கொள்ளையர் முகாம்களில் தாராளமாகவும் கிடைக்கும். எளிதான நோவிஸ் முதல் கடினமான மாஸ்டர் வரை பூட்டுகளுக்கு ஐந்து நிலைகள் உண்டு என்றாலும், பூட்டுத் திறக்கும் திறன் தொடக்க அளவான 15இல் நிற்கும் தொடக்கக்காரர்கூடப் பொறுமையும் போதிய லாக்பிக்கும் இருந்தால் மாஸ்டர் பூட்டைத் திறந்துவிடலாம். அதனால்தான், பூட்டுத் திறப்புக்கான பெர்க்குகளில் (லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளியைக் கொடுத்துப் பெறும் சிறப்புத் தகுதிகளில்) புள்ளியைப் போடுவது வீண் என்று நீண்ட நாள் ஆடியவர்களே சொல்லி வந்தார்கள். ரெக்வியம் இந்தக் கணக்கை அடியோடு மாற்றிவிடுகிறது. பூட்டின் நிலை உயர உயர, அதற்குரிய பெர்க்கைப் பெறாதவர் எத்தனை லாக்பிக் வைத்திருந்தாலும் அதைத் திறக்க முடியாது. ஆகவே, தங்கள் பக்கம் சொன்ன குறுக்குவழி அது தீர்க்க வந்த சிக்கலையே தீர்ப்பதில்லை.

உண்மையான நெருக்கடி பெர்க் புள்ளியில்தான் இருக்கிறது. ஒரு லெவல் ஏறினால் ஒரே ஒரு புள்ளி கிடைக்கும். அதே புள்ளியைக் கேடயமும் வாளும் கவசமும் கேட்டு நிற்கும். எதிரிகள் நம் லெவலுக்கு ஏற்பத் தணிந்து வராத ரெக்வியத்தில், தொடக்கத்தில் ஒரு புள்ளியைப் பூட்டுக்குச் செலவிடுவது உயிர் பிழைப்பதற்கான ஒரு புள்ளியை விட்டுக்கொடுப்பதாகும். என் கருத்தில், நேருக்கு நேர் வாள்வீசிச் சண்டையிடுபவர் முதல் லெவல்களில் பூட்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். சாவி வைத்திருக்கும் கொள்ளையர் தலைவன் அந்தக் குகைக்குள்ளேயே இருக்கக்கூடும். மறைந்து நடந்து பிழைக்கும் திருடனாக ஆட விரும்புபவர் மட்டும் முதற்புள்ளிகளில் ஒன்றையாவது அங்கே போட்டாக வேண்டும்.

கையிலிருக்கும் லாக்பிக்கைக் காப்பாற்றும் விதத்தையும் புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். லாக்பிக்கை ஒரு கோணத்தில் வைத்துப் பூட்டைத் திருப்பும்போது, சட்டென்று முழுவேகத்தில் திருப்பாமல், தடை தட்டியவுடன் கையை எடுத்துவிட வேண்டும். பூட்டு எவ்வளவு தூரம் திரும்பியது என்பதே சரியான கோணம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். லாக்பிக் முறிந்துவிட்டால் பதறி வெளியேறிவிடக் கூடாது. பூட்டிலிருந்து விலகாதவரை திறக்கும் இடம் மாறுவதில்லை என்பதால், முறிந்த கோணத்தை நினைவில் வைத்து அதிலிருந்தே அடுத்ததைத் தொடங்கலாம். முறிந்த லாக்பிக்குக்கும் சிறிதளவு திறன் அனுபவம் சேரும் என்றாலும், அதை நம்பி வேண்டுமென்றே முறிப்பது பற்றாக்குறைக் காலத்தில் கட்டுப்படியாகாது. பெட்டியைக் குறிவைத்ததும் திரையில் தெரியும் பூட்டின் நிலையைப் பார்த்து, நம் தகுதிக்கு மேற்பட்டதைத் தொடாமலே நகர்வது எல்லாவற்றையும்விடச் சிக்கனமானது.

எந்தப் பெட்டியைத் திறப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு வாசலிலும் ஆடுபவரை யோசிக்க வைப்பதற்காகவே அந்த மாடை உருவாக்கியவர்கள் இத்தனை உழைப்பைக் கொட்டி, இலவசமாகவும் தந்திருக்கிறார்கள். அதன் முதல் மணி நேரத்திலேயே கன்சோலைத் திறக்கச் சொல்வதற்குப் பதிலாக, பெர்க் புள்ளிகளை எந்த வரிசையில் செலவிடலாம் என்பதை விளக்கும் குறிப்பு ஒன்றை அதே பக்கத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்