‘டென்ஷனைக் குறைங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இசிஜி நார்மல். எக்கோ நார்மல். ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்ததிலும் குறை ஒன்றும் இல்லை. ‘டென்ஷனைக் குறைங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஆனால் படபடப்பு போகவில்லை, விடிகாலை 3 மணிக்கு விழிப்புத் தட்டினால் அதன்பிறகு தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், ‘அப்படியானால் இதெல்லாம் என் பிரமையா அண்ணா?’ என்று கேட்டிருந்தாய்.

பிரமை இல்லை. உன் இதயம் நன்றாக இருக்கிறது என்று அந்தப் பரிசோதனைகள் சொல்கின்றன, அதை நம்பு. ஆனால் இதயத்தை விரட்டிக்கொண்டிருப்பது எது என்று இசிஜி தாளில் வராது. உன் படபடப்பு நிஜம். வயிற்றைப் பிசைவதும், காலையில் எழும்போது தாடை வலிப்பதும் நிஜம்தான். எல்லாவற்றுக்கும் உடம்புக்குள் காரணம் இருக்கிறது.

ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போகும். சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. சில நொடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்துவிடும். இதயம் வேகமெடுக்கும், பிரஷர் ஏறும், கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை அவிழ்த்துவிடும். அட்ரினலினுக்கு ஆயுசு குறைவு, சில நிமிடங்களில் பாதியாகிவிடும். அதற்குப் பின்னால் நிதானமாக வருவது கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்லி அது உச்சத்தைத் தொடுவதற்கு 20, 30 நிமிடம் ஆகும். ஏறியதில் பாதி குறையவே இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வாக்குவாதம் எப்போதோ முடிந்திருக்கும், உடம்பு மட்டும் இன்னும் சண்டையில் நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் கோளாறு ஒன்றும் இல்லை, ஏறியது இறங்கினால் சரி. உனக்கு இறங்குவதற்குள் அடுத்தது ஏறிவிடுகிறது. காலையில் ஒரு மெயில், மதியம் ஒரு மீட்டிங், இரவு படுக்கையில் அவை இரண்டையும் மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்ப்பது. நடந்ததை நினைத்துப் பார்த்தாலும் அதே சுரப்பி அதே வேலையைச் செய்யும். ஆகவே ‘டென்ஷனே வராமல் பார்த்துக்கொள்’ என்ற அறிவுரையை ஒதுக்கிவை. அது யாராலும் முடியாது. ஏறியதை இறக்கத் தெரிந்துகொள்வது முடியும். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

இறங்காமலே மாதக்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். இரைப்பை காலியாவது மெதுவாகும், பெருங்குடல் வேகமெடுக்கும். அதனால்தான் மேலே உப்புசமும் கீழே அவசரமும் சேர்ந்தே வருகின்றன. சுகர் உள்ளவர்களுக்கு, சாப்பாட்டில் மாற்றம் இல்லாமலே எண்கள் ஏறும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகலாம். பெரிய நெருக்கடி முடிந்து 2, 3 மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும். காரணம் பழையதாகிவிட்டதால் பலருக்கும் இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றாது. எதிர்ப்புச் சக்தியும் அடிபடும். 1991இல் உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடைய குழுவும் தாமாக முன்வந்தவர்களின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுவிட்டுக் கவனித்தார்கள். யாருக்கு அழுத்தம் அதிகமோ அவர்களைத்தான் தொற்று அதிகம் பிடித்தது. 1995இல் இன்னொரு உளவியலாளரான ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு, மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குக் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் நாளைக் கணக்கிட்டது. அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட அவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது.

அதற்காக எல்லாப் பழியையும் டென்ஷன் தலையில் போடக்கூடாது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். பெரும்பாலும் அது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் வேலை என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் நிரூபித்தார்கள், 2005இல் நோபல் பரிசு வாங்கினார்கள். உனக்கும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். நீ அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். இல்லை, ஹீமோகுளோபினும் இல்லை. இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். முதலில் அதை முடித்துவிடு.

இப்போது மூச்சு. ‘ஆழமா மூச்சு விடு’ என்று எல்லோரும் சொல்வார்கள், அதைச் செய்துதான் உனக்குத் தலை சுற்றியது. ஏன் என்று சொல்கிறேன். நெஞ்சு நிறைய, வேகமாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும். ‘ஐயோ, ஏதோ ஆகிறது’ என்று பயந்து இன்னும் வேகமாக இழுப்பாய். ஆகவே காற்றை அதிகமாக இழுப்பது நமக்கு வேண்டாம். வெளிவிடுவதை நீட்டினால் போதும்.

அமைதியாக இருக்கும்போது கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பார். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும். விடும்போது விலகும், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் இடம் கூடும். இதயத்துக்குக் கடிவாளம் போடும் வேகஸ் நரம்பு மூச்சை விடும்போது இறுகுவதால் அப்படி. இதை ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். நாள் முழுக்க நாடி பிடிக்கும் பழக்கம் உனக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதை நான் வளர்க்க மாட்டேன்.

செய்யும் விதம் இது. உட்கார்ந்து ஒரு கையை வயிற்றின் மேல் வை. முதலில் உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக விடு. எப்போதும் விடுவதில்தான் ஆரம்பிக்க வேண்டும், இழுப்பதில் ஆரம்பித்தால் நிறைந்த நெஞ்சுக்கு மேலேயே இன்னும் ஏற்றுவாய். பிறகு மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழு, சாதாரண அளவுக்கு மட்டும். தோள் தூக்கக்கூடாது, வயிற்றில் வைத்த கைதான் அசைய வேண்டும். 6 எண்ணும் வரை விடு. நொடிக்கு ஓர் எண் என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் போதும், 30 மூச்சு. தலை லேசாகக் கிறங்கினால் நீ அதிகமாக இழுக்கிறாய் என்று அர்த்தம். அளவைப் பாதியாக்கு, எண்ணிக்கையை மாற்றாதே.

பெரும்பாலோர் தோற்பது எங்கே என்றால், படபடப்பு வந்த பிறகுதான் இதைத் தேடுவார்கள். தண்ணீரில் விழுந்தபின் நீச்சல் கற்க முடியாது. காலையும் மாலையும் மனசு சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டு வாரம் செய். பிறகு தேவைப்படும்போது தானாக வரும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடிவிடும். உனக்கும் அப்படியானால் வற்புறுத்தாதே, தசைப் பயிற்சிக்குப் போ. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை அது, 1929லேயே புத்தகமாக வந்தது. ஒரு கையை 5 முதல் 7 நொடி இறுக்கி மூடி, சட்டென்று விட்டுவிட்டு, 20, 30 நொடி அந்தத் தளர்ச்சியை மட்டும் கவனி. அடுத்து மறுகை, தோள், முகம், வயிறு, கால். வலிக்கும் அளவுக்கு இறுக்காதே.

தாடைக்கு மட்டும் தனியாக ஒன்று. இதைப் படிக்கும் இந்த நொடியில் உன் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா பார். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொடவே கூடாது. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு நுனி மேலண்ணத்தில் முன்பற்களுக்குப் பின்னால் சும்மா படிந்திருக்கட்டும். போனை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இதைச் சரிபார். காலையில் உனக்கு வரும் தாடை வலியில் ஒரு பங்கு இதிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

3 மணி விழிப்புக்கு வருவோம். ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் பாகத்தில்தான் அதிகம். விடியலை நெருங்க நெருங்கத் தூக்கம் மேலாக ஓடும், நள்ளிரவில் அடிமட்டத்தில் இருந்த கார்டிசாலும் ஏறத் தொடங்கும். இரவில் சில தடவை லேசாக விழிப்பது எல்லோருக்கும் உண்டு, காலையில் மறந்துபோகும், அவ்வளவுதான். நீ விழித்ததும் மணி பார்க்கிறாய். ‘இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது’ என்று கணக்குப் போடுகிறாய். அந்தக் கணக்குதான் உன்னை முழுதாக எழுப்பிவிடுகிறது. கடிகாரத்தைத் திருப்பி வை, போனை வேறு அறையில் வை. 20 நிமிடம் ஆனது மாதிரி தோன்றினால் எழுந்து போ. மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியம் இல்லாத ஏதாவது செய், துணி மடிக்கலாம். கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்பு. படுக்கை என்றால் கவலைப்படும் இடம் என்று உன் மூளை பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை உடைக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த முறை இது, இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையின் முக்கியமான பகுதி. இரவு எப்படிப் போனாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது, விடுமுறை நாளிலும்தான். முதல் வாரம் பகலில் தள்ளாடும், அந்த நாட்களில் வண்டி ஓட்டுவதில் கவனமாக இரு.

காபியில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளே இருக்கும். மதியத்தோடு நிறுத்திக்கொள். ஒரேயடியாக நிறுத்தினால் நாலைந்து நாள் தலை வலிக்கும், படிப்படியாகக் குறை. மது தூங்கவைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டுதுண்டாக்கிவிடும்.

படிக்கட்டு ஏறுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. இதயம் வேகமாக அடித்தால் பயம், அதனால் அது வேகமாக அடிக்கும் எதையும் செய்வதில்லை. பிறகு சும்மா நடந்தாலே அடிக்கும், ஏனென்றால் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போகும். டாக்டர் தடை ஏதும் சொல்லாததால் நாளைக்கே ஒரு மாடி ஏறு. மேலே நின்று, துடிப்பு தானாகத் தணிவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிரு, பிறகு இறங்கு. அடுத்த வாரம் இரண்டு மாடி. வேகநடை ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும்.

மனத்தில் ஓடுவதற்கும் ஒரு நேரம் ஒதுக்கு. மாலையில் அரை மணி, படுக்கையறைக்கு வெளியே, கையில் பேப்பர். கவலைகளை எழுது, ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதையும் எழுது, இல்லையென்றால் ‘இல்லை’ என்றே எழுது. இரவில் அதே கவலை வந்தால் ‘நாளை மாலை’ என்று தள்ளிப்போடு. முதல் சில நாள் கேட்காது, விடாமல் தள்ளு.

பிரஷரின் மேல் எண் ஒரு தடவை 150 காட்டியதாகப் பதறியிருந்தாய். நடந்து வந்த கையோடு பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை. காபி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, பேசாமல் 5 நிமிடம் உட்கார். கை மேஜைமேல் இதய மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார். காலை, மாலை, 7 நாள். அதற்கு மேல் மெஷினைத் தொடாதே, உள்ளே எடுத்து வை.

சில விஷயங்களில் மட்டும் என் பேச்சையும் கேட்காதே. நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தி, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, வியர்த்துக்கொட்டினால், மயங்கி விழுந்தால், முகம் கோணினால், பேச்சுக் குழறினால், ‘டென்ஷன்தான்’ என்று உட்கார்ந்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பழைய ரிப்போர்ட் நார்மல் என்பது இன்றைய வலிக்குப் பதில் ஆகாது. பேப்பர் பையில் மூச்சு விடச் சொல்வார்கள், வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ அதே நேரத்தில் இருந்தால் ஆபத்து. தெரிந்தவர் கொடுத்தார் என்று தூக்க மாத்திரையும் வேண்டாம். அதில் சில வகை சில வாரங்களிலேயே பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

இன்னொன்று. தமிழில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை நாம் டென்ஷனுக்கும் சொல்கிறோம், டிப்ரஷனுக்கும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்ற சொல்லே சரி. பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவது, நாள் முழுக்க வெறுமை, பசி போவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், இவை 2 வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் இருந்தால் மூச்சுப் பயிற்சியை நம்பிக்கொண்டிருக்காதே, மனநல மருத்துவரைப் பார். சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல். எந்த நேரமானாலும் என்னை எழுப்பு.

ரத்தப் பரிசோதனை நாளைக் காலை. மாடி நாளை மாலை. 7 நாள் கழித்து அந்த 28 பிரஷர் எண்களையும் ஒரே தாளில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்