ஊழியத்துல இருக்கிற மகனுக்கு அம்மா எழுதுறது

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நீ, மருமக, பிள்ளைங்க எல்லாரும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, சொட்டு மருந்து நான்தான் விடுறேன், ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்கி மூடிக்குவார், அவரைப் பத்தி உனக்குத் தெரியாதா. அக்கா வந்துட்டுப் போனா. மத்தபடி ஒண்ணும் இல்ல.

உன் ஜெபக்கடிதம் வந்துச்சு. ஐயா சபையில வாசிச்சப்போ எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா, இவ்ளோ சீக்கிரம் அந்த ஜனங்க பாஷையிலயே பிரசங்கம் பண்றியாமே, ஸ்கூல்ல இங்கிலீஷ் பேசவே கூச்சப்படுவியே. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஆனா கடைசியில ஒரு வரி எழுதியிருந்தியே, குடும்பத்தில் சத்துருவின் போராட்டம் உண்டு, ஜெபித்துக்கொள்ளுங்கள்னு. எல்லாரும் ஆமென் சொல்லிட்டாங்க. எனக்கு வாயே வரல. என்ன போராட்டம்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன்.

நான் எழுத உக்காந்தது கணக்கு விஷயமா. உன்னைத் தாங்குற பெரியவர் ஒருத்தர் அப்பாகிட்ட கேட்டாராம், தம்பி வரவு செலவு ரிப்போர்ட் அனுப்பி ரொம்ப நாளாச்சேன்னு. அப்பா உனக்கு போன் பண்ணினா, ஊழியத்துக்குக் கொடுத்தா விசுவாசமா கொடுக்கணும், கணக்கு கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்க. தம்பி, பவுலைவிட விசுவாசம் யாருக்கு இருந்துச்சு? எருசலேம்ல கஷ்டப்பட்ட பரிசுத்தவான்களுக்கு சபைகள்ல பணம் சேர்த்தப்போ அவர் தனியா பையைத் தூக்கிட்டுப் போகல. தீத்துவை அனுப்பினார், சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூட அனுப்பினார், இன்னொருத்தரையும் சேர்த்து அனுப்பினார். யாரும் நம்மளைக் குத்தம் சொல்லிடக் கூடாது, கர்த்தருக்கு முன்னாடி மட்டும் இல்ல மனுஷருக்கு முன்னாடியும் நேர்மையா இருக்கணும்னு ரெண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்துல அவரே எழுதி வெச்சிருக்கார். நீ எடுத்திருப்பேன்னு நான் சொல்லல, உன் கை சுத்தம்னு எனக்குத் தெரியும். பில் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வெச்சிருப்ப, உக்காந்து கூட்டிப் பார்க்க உனக்கு சோம்பேறித்தனம், அதுக்குப் பேரு விசுவாசம் இல்ல.

கொஞ்ச நாளா உன் பேச்சைக் கேட்டுட்டுதான் இருக்கேன். ரிப்போர்ட் லேட் ஆனதுக்கு நெட் இல்ல. உன்கூட இருந்த அந்தப் பையன் கோவிச்சுட்டு வீட்டுக்குப் போனதுக்கு அவனுக்கு ஆத்தும பாரம் இல்ல. கூட்டத்துக்கு ஜனங்க வராததுக்கு பிசாசு. எல்லாம் உண்மையாவே இருக்கட்டும், ஆனா இது எதுலயுமே நீ மட்டும் இல்லையே தம்பி? ஆதாம் என்ன பண்ணினான், நீர் எனக்குத் தந்த ஸ்திரீதான்னு அவளையும் சொல்லி கர்த்தரையும் சேர்த்து மாட்டி விட்டான். நல்லது நடந்தா கர்த்தர் செஞ்சார்னு சொல்றது சரி. நாம செய்யாம விட்டதை அவர் சித்தம்னு சொல்றது எப்படி சரியாகும்?

அந்தப் பையனுக்கு ஒரு போன் பண்ணு. மாற்கு பாதியில விட்டுட்டுப் போனான்னு பவுல் பர்னபாவோட சண்டை போட்டுப் பிரிஞ்சே போனார், அதே பவுல் கடைசி காலத்துல மாற்குவைக் கூட்டிட்டு வா, அவன் ஊழியத்துல எனக்குப் பிரயோஜனமானவன்னு எழுதுறார். பவுலே மனசு மாறலாம், நீ மாறக் கூடாதா? ரிப்போர்ட்டை மட்டும் இந்த மாசமே அனுப்பிடு.

உனக்கு ஞாபகம் இருக்கா, சண்டே ஸ்கூல் டிராமாவுல நீதான் வில்லியம் கேரி, இங்கிலாந்துல செருப்பு தைச்சிட்டு இருந்து வங்காளத்துக்கு மிஷனரியா வந்தாரே, அவர். அப்பா ஷூவைக் கையில வெச்சுக்கிட்டு செருப்பு தைக்கிற மாதிரி நடிச்ச, எல்லாரும் கைதட்டினாங்க. அந்த டிராமாவுல அவர் சம்சாரத்துக்கு ஒரு வசனம் கூட கிடையாது. டோரதி அம்மா முதல்ல வரமாட்டேன்னுதான் சொன்னாங்க, வயித்துல பிள்ளை வேற. அப்புறம் தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றதா இருந்தா வர்றேன்னு 1793-ல கப்பல் ஏறினாங்க. அடுத்த வருஷமே அஞ்சு வயசுப் பையன் பீட்டர் சீதபேதியில செத்துட்டான். அதுக்கப்புறம் அந்தம்மாவுக்கு புத்தி தெளியவே இல்ல, 1807-ல சாகுற வரைக்கும். 1801-ல வங்காள பாஷையில புதிய ஏற்பாடு அச்சாச்சேன்னு நாம இன்னிக்கும் ஸ்தோத்திரம் பண்றோம், அந்த வருஷமெல்லாம் அந்தம்மா அதே வீட்டுக்குள்ளதான் இருந்தாங்க. கேரி ஐயாவை நான் குத்தம் சொல்லல, அந்தக் காலத்துல இதுக்கு ஏது டாக்டர், ஏது மருந்து. இப்போ இருக்கு. போறதுல வெக்கமும் இல்ல. ஜெபம் பண்ணிட்டே போகலாம்.

எதுக்கு இதை எழுதினேன்னு தெரியல, ராத்திரி தூக்கம் வராம படிச்சிட்டு இருந்தேன்.

நீ போட்டோ அனுப்பினியே, பிள்ளைங்களை நல்லா வளர்க்கிறீங்க, சின்னவன் உன் மாதிரியே நிக்கிறான். மருமக ஓரத்துல நிக்கிறா. தலை கூட வாரல. அவ எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும், நம்ம வீட்டுக்கு வந்த புதுசுல அவ பாடிட்டே பாத்திரம் கழுவுவா, அப்பா டிவியை நிறுத்திட்டுக் கேப்பார். போன தடவை வீடியோ கால்ல கையை மட்டும் ஆட்டிட்டு உள்ள போயிட்டா. களைப்பா இருக்கான்னு நீ சொன்ன. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு என்ன களைப்பு?

எலியா சூரைச்செடி கீழ படுத்து என் பிராணனை எடுத்துக்கொள்ளும்னு சொன்னப்போ தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல பாரு. தட்டி எழுப்பி சாப்பிட வெச்சான், திரும்பத் தூங்க விட்டான், மறுபடி எழுப்பி சாப்பிட வெச்சான். அப்புறம்தான் மத்த பேச்செல்லாம். சொந்த வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது கண்காணியா வர்றவங்களுக்குன்னு நீ சொல்லுவ, உனக்கும்தான்.

சித்தப்பா வீட்டு விஷயம் மறந்துட்டியா? அப்பவும் எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னுதான் சொன்னோம்.

நீ கெட்டவன்னு சொல்லல. இந்த ஊழியத்துக்கு உன்னை அனுப்பினதுல எனக்கு இன்னிக்கும் ஒரு துளி வருத்தம் கிடையாது. லீவு கேட்டா மிஷன்ல என்ன நினைப்பாங்கன்னு யோசிக்காத, கேளு. உன் வாயால கேளு, அவளுக்கு முடியலன்னு அவ மேல போட்டுக் கேக்காத, எங்களுக்கு வேணும்னு கேளு. நான் அங்க வந்து கொஞ்ச நாள் பிள்ளைங்களைப் பார்த்துக்கணும்னா டிக்கெட் போடு, அப்பாவை அக்கா பார்த்துக்குவா, பேசிட்டேன்.

ரிப்போர்ட் மறந்துடாத.

சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவேன், உனக்கு வாலிபர் கூட்டம் இருக்குற நேரம்னு தெரிஞ்சுதான் பண்றேன். நீ கூட்டத்துக்குப் போ. போனை அவகிட்ட கொடுத்துட்டுப் போ.

அம்மா