நம்பாததைப் பேசலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான கோடைகால விவாதப் பயிலரங்கு பற்றிய உங்கள் கட்டுரைக்கு ஒரு தாய் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். மகளுக்குத் துளியும் உடன்பாடு இல்லாத ஒரு தரப்பை எடுத்துப் பேச வைத்தார்களாம். "இது பொய் பேசப் பழக்குவதில்லையா?" என்று கேட்டிருந்தார். மாணவர் விவாதங்களில் நடுவராக உட்காருபவன் என்பதால் பதில் எழுதத் தோன்றியது.

இது பழைய வழக்கு. கம்யூனிஸ்ட் சீன அரசை அங்கீகரிக்கலாமா என்பது 1954-ல் அமெரிக்கக் கல்லூரி விவாதங்களுக்குத் தலைப்பாக வந்தது. இரு தரப்பிலும் மாறி மாறிப் பேசுவது அங்கே வழக்கம். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகமும் அன்னபோலிஸ் கடற்படைக் கழகமும் தங்கள் மாணவர்கள் இந்தத் தலைப்பில் பேசவே கூடாது என்று தடுத்துவிட்டன. நம்பாததை மேடையில் பேசுவது நேர்மையா, இல்லை அது வெறும் பயிற்சிதானா என்று விவாதம் கற்பிக்கும் ஆசிரியர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

நான் பயிற்சிக் கட்சி. பள்ளியில் கைபேசிக்குத் தடை என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். தடையை வெறுக்கும் மாணவி சொந்தத் தரப்பில் பேசினால் பெரும்பாலும் கோபத்தைத்தான் கொட்டுவாள். தடையை ஆதரிக்கச் சொன்னால் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்: வகுப்பில் கவனம் எங்கே சிதறுகிறது, கைபேசி இல்லாத பிள்ளையின் நிலை என்ன, கண்காணிக்கும் ஆசிரியரின் பாடு என்ன? அப்புறம் அவள் தன் பழைய தரப்புக்கே திரும்பலாம், தப்பில்லை. ஆனால் அடி எங்கே விழும் என்று தெரிந்து திரும்புவாள். யாருக்கு எந்தப் பக்கம் என்பதைக் காசு சுண்டியோ சீட்டுக் குலுக்கியோ முடிவு செய்தது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். ஏமாறுபவர் யாருமே இல்லாதபோது பொய் எங்கிருந்து வந்தது?

பொய் நுழையும் வாசல்கள் வேறு. இல்லாத புள்ளிவிவரத்தைச் சொல்வது, மேற்கோளைப் பாதியில் வெட்டுவது, எதிரணி சொல்லாததைச் சொன்னதாகத் திரிப்பது. சில பயிலரங்குகள் ஆதாரங்களைத் தொகுத்து ஒரு கட்டாகக் கையில் கொடுத்துவிடுகின்றன. மூலக் கட்டுரையைப் பார்த்தே இராத பிள்ளை அதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. வேகத்தாலேயே எதிரணியைத் திணறடிக்கும் பழக்கம் அமெரிக்கப் பள்ளி விவாதங்களில் முற்றிப்போய், சாதாரண ஆளும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்படி 2002-ல் 'பப்ளிக் ஃபோரம்' என்ற புது முறையே கொண்டுவரப்பட்டது.

1988 முதல் நடந்துவரும் உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறை எனக்குப் பிடித்தது. அணிக்கு மூவர், ஆளுக்கு எட்டு நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணி எழுந்து கேள்வி கேட்க அனுமதி கோரலாம். இட்டுக்கட்டிய எண்ணோடு வந்தவர் அங்கே மாட்டிக்கொள்ள நல்ல வாய்ப்புண்டு. கடைசியில் அணிக்கு நான்கு நிமிடத் தொகுப்புரை. அதை மூன்றாவது பேச்சாளர் பேசக் கூடாது; புது வாதத்துக்கும் அதில் இடமில்லை.

ஒன்றில் மட்டும் அந்தத் தாயோடு சேர்ந்துகொள்கிறேன். ஒரு பிள்ளையின் பிறப்பையோ உடற்குறையையோ தொடும் தலைப்பில், அந்தப் பிள்ளையையே தனக்கெதிராக வாதாடச் சொல்வது கொடுமை. தலைப்பை மாற்றுங்கள், முடியாவிட்டால் விலக்குக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும், "சரி, இப்போது உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லுங்கள்" என்று பத்து நிமிடம் ஒதுக்கினாலும் நல்லது.

மகள் எந்தப் பக்கம் பேசினாள் என்பதை அந்தத் தாய் விட்டுவிடலாம். பேச்சில் சொன்ன எண்களை எங்கே படித்தாள் என்று கேட்கட்டும். அதற்குப் பதில் வரவில்லை என்றால் பயிலரங்கு நடத்துபவர்களிடம் சண்டைக்கே போகலாம், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
விவாத நடுவராக இருக்கும் ஒரு வாசகன்